இலை லோரி ஓட்டிய ஒத்தச்சொல்லு

உலகத்து மொழிகள் எல்லாவற்றிலும் ஒரே ஒரு சொல் மட்டும் தெரிந்த மனிதர் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் மலாய் நாட்டுக் கேமரன் மலையில், நான் சின்னக் கிராணியாக, அதாவது இளைய குமாஸ்தாவாக வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில், இலை லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். பிரெஞ்சு மொழியில் அவருக்கு வணக்கம் சொல்லத் தெரியாது. ஜப்பானிய மொழியில் தண்ணீர் கேட்கத் தெரியாது. ஆனால் அந்த இரண்டிலும் 'மாரி' என்றால் என்ன என்று தெரியும். எஸ்தோனியா என்று ஒரு நாடு இருப்பதே எங்கள் பெரிய கிராணிக்குத் தெரியாது. அந்த நாட்டு மொழியில் மாரி என்றால் என்ன என்று இவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அதனால் தோட்டம் முழுக்க அவருக்கு 'ஒத்தச்சொல்லு' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆபீசில் உட்கார்ந்திருந்த எனக்கே அது மறந்துவிட்டது.

ஆள் நெட்டை. வெயில் அடித்தாலும் குரங்குத் தொப்பி, அதன்மேல் பச்சை மப்ளர், அதன்மேல் மழைக்கோட்டு. முகத்தில் மூக்கும் மீசையும்தான் வெளியே தெரியும். இந்தக் கோலத்தில் ஒருவர் நடு ரோட்டில் லோரியை நிறுத்தி இறங்கி வந்து, "உங்க பாஷையில மாரின்னா என்னாங்க?" என்று கேட்டால் வெளிநாட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? சிலர் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பலர் பயத்திலேயே பதில் சொன்னார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேக்டரியிலிருந்து புகார் வந்தது. பறித்த இலை மூட்டைக்குள் அதிக நேரம் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். அப்புறம் அது தேயிலைக்கு ஆகாது. எங்கள் தோட்டத்து இலையோ தினமும் காய்ச்சல் வந்த மாதிரி சூடாகப் போய் இறங்கிக்கொண்டிருந்தது. லோரி எங்கே நிற்கிறது என்று பார்த்துவரத் துரை என்னை அனுப்பினார். நானும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிற மேட்டுக்குக் கீழே ஒரு வளைவு. அந்த வளைவில், ரோட்டுக்குக் குறுக்கே, இலை லோரி நின்றது. பின்னால் கார்கள் வரிசை கட்டி ஹார்ன் அடித்தன. ஓரமாக நம் ஆள் ஒரு வெள்ளைக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"வாங்க கிராணி, வாங்க! இவரு பேரும் மாரியாம்! நாமா சாமா லா! ஒரே பேரு!"

"யாரு சொன்னா அண்ணே?"

"இந்தம்மாதான். மாரின்னா என்னான்னு கேட்டேன். இவரக் கை காட்டி, மாரி மாரிங்குது."

நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்த அம்மாளிடம் விசாரித்தேன். அவர் விரலில் இருந்த மோதிரத்தைக் காட்டினார், கணவரைக் காட்டினார், மறுபடி மோதிரத்தைக் காட்டினார். எனக்கு விளங்கிவிட்டது.

"அண்ணே, அவங்க பிரான்சு. அவங்க பாஷையில மாரின்னா புருஷன்."

அவர் கட்டிப் பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்தார்.

"புருஷனா? பொம்பளப்புள்ள பேரு கிராணி அது! அதுக்குப் போயி புருஷன்னு அர்த்தம் வச்சிருக்கானுங்களே!"

பிறகு வளைவின் ஓரத்துக்குப் போய் போனை எடுத்தார். எங்கள் தோட்டத்தில் போனுக்கு லைன் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் அந்த ஒரு வளைவுதான். "ஹலோ. பிரான்சுல புருஷனாம். சரி, வைக்கிறேன்," என்றார். அவ்வளவுதான் பேச்சு. லோரியில் ஏறிப் போய்விட்டார். யாருக்குப் போன் செய்தார், எதற்குச் செய்தார், நான் துரையிடம் போய் என்ன சொல்வது, ஒன்றும் புரியாமல் நான் அங்கேயே நின்றேன். பின்னால் இருந்த கார்கள் இப்போது என்னைப் பார்த்து ஹார்ன் அடித்தன.

அந்த மனிதரோடு பழகிய காலம் முழுக்க எனக்கு இருந்த குழப்பத்துக்கு அது பிள்ளையார் சுழி.

மாரிக்கு அத்தனை மொழியிலும் அர்த்தம் தேடிய இந்த மனிதருக்கு, மலாய் மொழி அர்த்தம் மட்டும் ஆகவே ஆகாது. மலாயில் 'மாரி' என்றால் வா என்று அர்த்தம். இந்த நாட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆபீசில் யாருக்காவது பிறந்தநாள் என்று கேக் வெட்டுவார்கள். எங்கள் உதவி மேனேஜர் ரொம்ப நல்ல மனிதர், மலாய்க்காரர். வாசலில் நிற்கிறவரைப் பார்த்து, "மாரி, பாங், மாரி!" என்று அண்ணன் முறை வைத்து அன்பாகக் கூப்பிடுவார். ஒத்தச்சொல்லு அசைய மாட்டார்.

"வாங்கன்னு கூப்புடச் சொல்லுங்க கிராணி. அதச் சொன்னா நான் வர மாட்டேன்."

"அதுக்கும் வாங்கன்னுதான அண்ணே அர்த்தம்?"

"அதான் வர மாட்டேங்கிறேன்."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கேக்கை வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடவே தேநீரும், தொட்டுக்கொள்ள மாரி பிஸ்கட்டும். பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எதுக்கு எழுதியிருக்கு?" என்றார். யாரோ வெள்ளைக்கார இளவரசியின் பெயராம் என்று சொன்னேன். அந்த இளவரசிக்கு யார் அந்தப் பெயரை வைத்தது, ஏன் வைத்தது என்று அவர் கேட்கக் கேட்க என் தேநீர் ஆறிப்போனது. பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஒரு கன்னியாஸ்திரீயைப் பிடித்தும் கேட்டிருக்கிறார். மாதாவின் பெயரும் அதுதான், அதற்குச் சிலர் கசப்பு என்கிறார்கள், சிலர் அன்புக்குரியவள் என்கிறார்கள், நிச்சயமாக யாருக்கும் தெரியாது என்று அந்தச் சகோதரி சொன்னாராம். "கசப்பும் அன்பும் எப்புடி கிராணி ஒண்ணாகும்?" என்று என்னைக் கேட்டார். எனக்குக் கல்யாணம் ஆகி அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

சரி, நம் தமிழிலாவது தெளிவாக இருக்கிறதா என்றால் அங்கேதான் பெரிய கூத்து. ஒரு வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாரி என்றால் மழை, சுத்தமான பழந்தமிழ் என்றார் பள்ளிக்கூடத்து வாத்தியார். அம்மை முத்து போடுகிறவள் மாரி, மழைக்கு எங்கே போனீர் என்றார் பூசாரி. ஈப்போவிலிருந்து வந்திருந்த குருக்கள், வடமொழியில் மாரி என்றால் கொள்ளைநோய், அதிலிருந்து வந்ததுதான் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் பொங்கல் கேட்டார். வாத்தியார் இலையை மடித்துவிட்டு எழுந்தார். பூசாரி கரண்டியைக் கீழே போட்டார். ஒத்தச்சொல்லு மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் எல்லாரும் என் பக்கம் திரும்பி, "கிராணி படிச்சவரு, அவரு சொல்லட்டும்," என்றார்கள். நான் படித்தது கணக்குப் பாடம். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அதைக் காட்டினேன். அது யார் கட்சிக்கு ஆதரவு என்று அவர்களுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

இதற்குப் பிறகு வந்ததுதான் பங்களாதேஷ் இடி. எங்கள் தோட்டத்தில் இலை பறிக்கிறவர்களில் பாதிப்பேர் பங்களாதேஷ்காரர்கள். அதில் ரபீக் என்று ஒரு பையன், நல்ல சிரித்த முகம். அவனிடம் கேட்டிருக்கிறார். அவன் முஷ்டியை மடக்கிக் காற்றில் ஒரு குத்துவிட்டு, "ஆமி மாரி. நான் அடிப்பேன்," என்றான். அவன் கூட்டாளி அதோடு விட்டானா? ஊரெல்லாம் நோய் வந்து சாவதற்கும் அதுதான் சொல் என்று சேர்த்துச் சொன்னான்.

ஒத்தச்சொல்லு ஒடிந்துபோனார். அன்றைக்கும் வளைவில் லோரி நின்றது, ஆனால் அவர் போனை எடுக்கவில்லை. அடுத்து வந்த நாள்களில் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இலை பறித்த கையோடு பேக்டரிக்குப் போனது. துரைக்கே சந்தேகம் வந்து, "டிரைவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னை அழைத்து விசாரித்தார்.

எனக்கும் மனசு கேட்கவில்லை. ஒரு மத்தியானம் மழை கொட்டும்போது லோரியில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடியது. பச்சை இலை வாசனை மூக்கை அடைத்தது.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. எதுக்கு இந்த மாரி?"

மப்ளர் நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சொன்னார்.

அவருக்கு ஒரே பெண். பிறந்த அன்று தோட்டத்துக் கோயிலில் திருவிழா. அம்மன் பெயரையே வைத்தார், மாரி. தோட்டத்துப் பள்ளிக்கூடம் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. தானா ராத்தாவில் மலாய் மொழி இடைநிலைப் பள்ளிக்குப் போன முதல் நாள், டீச்சர் பெயர் கூப்பிட்டார். "மாரி!" வகுப்பில் பாதிப் பிள்ளைகள் எழுந்து டீச்சர் மேசைக்குப் போய்விட்டார்கள். யார்மேலும் தப்பில்லை. வா என்று கூப்பிட்டால் வரத்தானே செய்வார்கள்? ஆனால் அதற்கப்புறம் அது பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டது. கேன்டீனில், பஸ்ஸில், மைதானத்தில், "மாரி, மாரி, மாரி சினி!" இங்கே வா என்று யாராவது கூப்பிட்டு, அவள் திரும்பினால் சிரிப்பு. திரும்பாவிட்டால் அதற்கும் சிரிப்பு.

"அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்துச்சு கிராணி. உலகத்துல எத்தன பேரு இருக்கு, நாயக் கூப்புடுற மாதிரி எனக்கு ஏன்பா இந்தப் பேரு வச்சீங்கன்னு கேட்டுச்சு. அது ஒரு பாஷதான்மா, மத்த பாஷையில எல்லாம் அதுக்கு நல்ல நல்ல அர்த்தம் இருக்கும், அப்பா கேட்டுச் சொல்றேன்னேன். சும்மா வாய்க்கு வந்தத சொன்னேன். சொல்லிட்டேன்ல? அதான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

பள்ளிக்கூடம் முடித்து, ஈப்போவில் வேலைக்குப் போய், அந்தப் பெண் தன் பெயரை மாயா என்று வைத்துக்கொண்டாள். கல்யாணப் பத்திரிகையிலும் மாயாதான். இவர் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அர்த்தம் கிடைத்ததும் வளைவிலிருந்து போன். அவள் ஒவ்வொரு முறையும் "சரிப்பா" என்பாள்.

"அடிக்கிறதுன்னு எப்புடி கிராணி போன் பண்ணிச் சொல்றது? நோயின்னு சொல்லவா?"

நான் அன்றைக்கு ஆபீசுக்குத் திரும்பி, இனி வளைவில் லோரி நின்றால் எனக்குத் தெரியாது என்று முடிவு செய்துகொண்டேன். பேக்டரிப் புகார் வந்தால் மழை, மண் சரிவு, டயர் பஞ்சர் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவைத்தேன்.

அதிர்ஷ்டம் அதற்கப்புறம்தான் திரும்பியது. எஸ்தோனியாவிலிருந்து முதுகுப் பையோடு நடந்து வந்த ஒரு பையன், அவர் கேட்டதும், ரோட்டோரக் கடையிலிருந்த ஸ்ட்ராபெரியைத் தொட்டுக் காட்டினான். அந்த மாதிரிச் சின்னப் பழத்துக்கு அங்கே மாரி என்று பெயராம். வளைவிலிருந்து போட்ட சத்தம் பேக்டரிக்கே கேட்டிருக்கும். "பழம்! பழமாம்மா!" தானா ராத்தாவில் தங்கியிருந்த வயதான ஜப்பானிய அம்மாள் ஒருவர், கலர் கலராக நூல் சுற்றிய ஓர் அழகான பந்தைப் போனில் படமாகக் காட்டினார். "பந்து. ஜப்பான்ல. நூல் சுத்துனது. வைக்கிறேன்."

ஸ்பெயின் நாட்டு மூலையில் பாஸ்க் என்று ஒரு மொழியாம். அதைப் பேசுகிற பெண் ஒருத்தி சொன்னதை மொழிபெயர்க்கும்போது என் கையில் ரோமம் நட்டுக்கொண்டது. அவர்கள் ஊரில் மாரி என்று ஓர் அம்மா. மலைக் குகையில் இருப்பாள். மழையும் இடியும் அவள் கையில். ஒத்தச்சொல்லு தொப்பியைக் கழற்றிவிட்டார். அதுவரை அவர் தலையை நான் பார்த்ததில்லை.

"தாயி அங்கயும் போயிருக்கா கிராணி! பாஸ்போர்ட்டு கூட இல்லாம!"

இது எப்படிச் சாத்தியம் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள். இன்றுவரை எனக்கு விளங்காத விஷயம் அது.

கடைசியாக ஒரு பெங்களூர்க் குடும்பம். ஓடுகிற குழந்தையின் பின்னால் அதன் தாய், "மரி! மரி!" என்று கொஞ்சிக்கொண்டே ஓடினாள். நம் ஆள் லோரியிலிருந்து குதித்தார். மா என்று நீட்டினால் என்ன, ம என்று குறைத்தால் என்ன, அவருக்கு அதெல்லாம் கணக்கில்லை. கன்னடத்தில் அது ஆட்டுக்குட்டி, நாய்க்குட்டி, எல்லாக் குட்டிக்கும் பெயர், பிள்ளையைக் கொஞ்சவும் அதுதான் என்று அந்தத் தாய் சொன்னாள். இந்த முறை போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மகள் பேசியது எனக்கும் கேட்டது.

"ஆட்டுக்குட்டியாப்பா? ரொம்ப தேங்க்ஸ் லா." பிறகு, "அப்பா, நான் முழுகாம இருக்கேன்," என்றாள்.

அதற்கு முன் அவளுக்கு உண்டான பிள்ளைகள் தங்கவில்லை. ஒத்தச்சொல்லு லோரியை அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்கு நடந்தார். இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் உன் பெயரைச் சொல்லி வீட்டுக்குள் எடுத்துக்கொள்கிறோம் என்று வேண்டிக்கொண்டார். பிள்ளைக்கு மாரி என்று பெயர் வைப்பதாகத்தான் அவர் கணக்கு. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண். வேண்டுதலைச் சொன்னதும் மகள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "நான் பட்டது போதும்பா. எம் புள்ளைக்கு அந்தப் பேரு வேணாம்."

மனிதர் என் வீட்டுக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "வாக்குக் குடுத்துட்டேன் கிராணி. தவறுனா புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமோ? மககிட்ட இத சொல்லவும் பயமா இருக்கு."

வழி அவருக்கே தோன்றியது. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் தங்காத வீட்டில் ஒன்று தங்கினால், அதை முறத்தில் போட்டு அம்மன் சன்னதியில் வைத்துவிடுவார்கள். வாசலை முதலில் தாண்டி வருகிறவர் ஒரு படி தவிட்டை அம்மனுக்குக் கொடுத்துப் பிள்ளையை விலைக்கு வாங்கி, ஒரு பெயரும் வைப்பார். அப்புறம் தாய் அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வாள். பிள்ளை நம்முடையதில்லை, தவிட்டுக்கு வாங்கியது என்று கண் வைக்கிறவர்களை ஏமாற்றுகிற ஏற்பாடு. மகளுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கும், சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை: "வாங்குறவங்கதான் பேரு வைக்கணும். நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"தொறக்கவே மாட்டேன்மா," என்று சொல்லிவிட்டு நேரே என்னிடம் வந்தார். வெள்ளிக்கிழமை காலை நான் தற்செயலாகக் கோயில் பக்கம் வரவேண்டும். தற்செயலாக வாசலைத் தாண்டவேண்டும். தற்செயலாக மாரி என்று பெயர் வைக்கவேண்டும். இந்தத் தற்செயலை என் வீட்டு முன்னறையில் என்னை நடக்கவிட்டு ஒத்திகை பார்த்தார். நடையில் இயல்பு போதாது என்று திரும்ப நடக்கச் சொன்னார்.

தவிட்டுக்குத்தான் திண்டாட்டம். நெல் விளையாத மலையில் தவிட்டுக்கு எங்கே போவது? பிரிஞ்சாங் சந்தையில் கிடைக்கவில்லை, கம்போங் ராஜாவில் கோழித்தீனிதான் இருந்தது. பேக்டரியில் தேயிலை சலித்தபின் மிஞ்சுகிற நாரும் தூசும் ஒரு படி அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பூசாரி ஒப்பவில்லை.

"தவிடுன்னா தவிடு. இது தூசி."

"நெல்லு சலிச்சா நெல்லுத் தவிடு. தேயில சலிச்சா தேயிலத் தவிடு. தாயி இத்தன வருசமா இங்கதான இருக்கா, அவளுக்குத் தெரியாதா?" என்றதும் பூசாரி படியை வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளி விடுமுறையும் சேர்ந்து வந்தது. விடுமுறையில் பிரிஞ்சாங் ரோட்டைப் பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. முதல்நாள் மாமனார் வீட்டுக்குப் போன நான் விடியும் முன்பே கிளம்பியும், நாடு முழுக்க ஸ்ட்ராபெரி பறிக்க மலையேறியிருந்தது. முன்னால் காய்கறி லோரி, பின்னால் டூர் பஸ், நடுவில் நான். ஒரு கட்டத்தில் காரை ஓரம் கட்டிவிட்டு ஓடினேன். தோட்டத்துச் சரிவில் குறுக்கே விழுந்தடித்து இறங்கி, கோயில் படிக்குக் கீழே நான் மூச்சு வாங்கும்போது, எனக்கு முன்னால் ஒரு கை நிறையச் செவ்வந்திப்பூவோடு, ரப்பர் பூட்ஸைப் படியில் கழற்றிவிட்டு வாசலைத் தாண்டியது பூத்தோட்டத்துச் சீன அம்மா.

பக்கத்தில் பூ பயிரிடுகிறவர், வெள்ளிக்கிழமை தோறும் அம்மனுக்குப் பூக்கொண்டு வருகிறவர். இதை எங்கள் இரண்டு பேரில் ஒருவருமே யோசிக்கவில்லை.

ஒத்தச்சொல்லுவின் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் கண்ணாலேயே என்னைத் திட்டினார்.

"ஐயோ, பேபி ஏன் கீழ?" என்றார் பூத்தோட்டத்து அம்மா. பூசாரி பாதித் தமிழிலும் பாதி மலாயிலும் விஷயத்தை விளக்கினார். அந்த அம்மாள் வியாபாரி. தவிட்டுக்குப் பதிலாக வைத்திருந்த தூசைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார்.

"இது டீ தூசி லா. நல்ல பேபி, இவ்ளோ சீப்பா?"

"வழக்கம்மா அது."

"சரி, நான் என் பூவும் போடறேன். சும்மா வாங்கக் கூடாது." தேயிலைத் தூசோடு செவ்வந்திப்பூவையும் அம்மன் முன்னால் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினார். அது அவர் காதைப் பிடித்து இழுத்தது.

"பேரு வைங்கம்மா."

"பேரா? என் வீட்ல எல்லா கேர்ளும் மொய்தான். மொய், மொய்!" சீனத்தில் சின்னப் பெண்ணைச் செல்லமாகக் கூப்பிடுவது அது.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒத்தச்சொல்லு தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினார். வாயைத் திறக்கவில்லை. வாக்குப் போய்விட்டது என்று அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

பூசாரி வழக்கப்படி அடுத்ததற்குப் போனார். பிள்ளையைத் திரும்ப வாங்குகிற தாய் தன் பெயரை அம்மன் முன்னால் சொல்ல வேண்டும். "வாங்குறவ பேரு என்னம்மா?"

அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாரி," என்றாள்.

மணிச் சத்தம் கேட்டுக் கேட்டுப் பூசாரிக்குக் காது மந்தம். "என்னாது?"

"மாரி!" என்று உரக்கச் சொன்னாள்.

அதைக் கேட்டதும் பூத்தோட்டத்து அம்மா, "ஓகே, ஓகே, வரேன் லா," என்று பிள்ளையோடு நேராக அவளிடம் நடந்து போனார்.

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிள்ளையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். என்ன நடந்தது என்று பூத்தோட்டத்து அம்மாவுக்கு மட்டும் விளங்கவில்லை. "என்னா? நான் தப்பா?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"தாயி பேரச் சொல்லித்தான புள்ளைய எடுத்திருக்கா," என்றார் பூசாரி ஒத்தச்சொல்லுவிடம். "இதுக்கு மேல என்னய்யா வேணும் உனக்கு?" நம் ஆள் நிபந்தனையை மறக்கவில்லை. தலையை மட்டும் பெரிதாக ஆட்டினார்.

அதற்கப்புறம் நான் கோலாலம்பூருக்கு வந்துவிட்டேன். போன விடுமுறையில் குடும்பத்தோடு மலைக்குப் போனேன். தோட்டத்து ரோட்டில் கார்கள் நகரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால், அதே வளைவு, அதே இலை லோரி, அதே குரங்குத் தொப்பி. இரண்டு வெள்ளைக்காரர்களிடம் எதையோ கேட்டு முடித்திருந்தார்.

"கிராணி! நல்ல நேரத்துல வந்தீங்க. மொய்க்குக் கேட்டுக்கிட்டிருக்கேன். பிரான்சுல மொய்னு எழுதி முவான்னு படிப்பானுங்களாம், 'நான்'னு அர்த்தமாம். பின்லாந்துன்னு ஒரு ஊரு, அங்க வணக்கமாம்! நம்மள்ல கல்யாணத்துக்கு வைக்கிறதும் மொய்தான? புள்ளைக்கு ஒரு கெட்ட அர்த்தமும் இன்னும் மாட்டல."

"மாரி என்னாச்சு அண்ணே? அத்தன பாஷையில கேட்டீங்களே, மழையா, நோயா, பழமா, பந்தா? கடைசியில என்னதான் அர்த்தம்?"

இத்தனை காலம் பழகிய நான் இப்படி ஒரு கேள்வி கேட்பேன் என்று அவர் நினைக்கவில்லை போலிருக்கிறது. என்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தார்.

"என்னா கிராணி நீங்க. அது எம் மக பேரு லா."

சொல்லிவிட்டு வளைவின் ஓரத்துக்குப் போய் போனை எடுத்தார். "ஹலோ, மாரியா? அப்பாதான். பின்லாந்துல வணக்கமாம்மா..." இந்த முறை உடனே வைக்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தார். நான் காருக்குத் திரும்பினேன். எனக்கு முன்னாலும் பின்னாலும் கார்கள் எல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. நான் மட்டும் அடிக்கவில்லை.